எழுபத்தாறில் ஒரு பங்கு

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளையின் பத்துப் பருவங்களுள் சிறுதேர்ப் பருவத்தை ஈற்றில் வைத்தனர். சப்பாணி கொட்டியும் அம்புலியை அழைத்தும் சிற்றில் சிதைத்தும் சிறுபறை முழக்கியும் வளர்ந்த பிள்ளை, கடைசியில் ஒரு சிறிய தேரை உருட்டி விளையாடுகின்றது; அவ்வளவில் நூலும் முடிந்துவிடுகின்றது. அப்புலவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, குதிரை பூட்டாத மூன்று காற் சிறுதேரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டிச் சென்றது. பெரியதொன்றைச் சிறியதாக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை நமக்குப் புதியதன்று.

ஆயினும் பருவம் கடந்த பின்னரும் சிறுதேரைக் கைவிடாத மாந்தர் சிலர் உலகில் உளர். புகையிரதங்களையும் அவை ஓடும் நிலப்பரப்பையும் அளவு பிசகாமற் சிறிதாகச் செய்து மேசையில் ஓடவிடுவோர் அவர்கள். அக்கூட்டத்தில் நானும் ஒருவன். அட்டையும் கத்தியும் பசையுமாக மாலை வேளைகளில் நான் இருப்பதைக் கண்டு, “என்ன மாஸ்டர், இந்த வயதிலே சின்னப்பிள்ளை விளையாட்டு?” என்று கேளாத நண்பர் எனக்கு இல்லை. கேள்வி நியாயமானதே. அதற்குச் சிரிப்பொன்றை விடையாகத் தந்து தப்பிக்கொள்வது என் வழக்கம். இன்று சற்று விரிவாகவே விடை கூறலாமென எண்ணுகின்றேன்.

விளையாட்டுத் தேருக்கு அளவு வேண்டியதில்லை. உருளச் சில்லும் இழுக்கக் கயிறும் இருந்தாற் போதும். மீதியைப் பிள்ளையின் மனம் நிரப்பிக்கொள்ளும். மாதிரியுருவோ ஓர் எண்ணுக்குக் கட்டுப்பட்டது. புகையிரத மாதிரியுரு செய்வோரிடம் ஆங்கிலநாட்டிற் பெருவழக்காயுள்ள விகிதம் 1:76 ஆகும். அஃதாவது, உண்மையில் ஓரடி நீளமுள்ள பொருள் மாதிரியில் 4 மில்லிமீற்றர். ஓரங்குலம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொன்று. 9 அங்குல நீளச் செங்கல் 3 மில்லிமீற்றர். சாந்துடன் சேர்ந்து 3 அங்குலம் உயரும் ஒரு கல்வரிசை 1 மில்லிமீற்றர். 12 அடிச் சுவரொன்றை அமைக்க வேண்டுமாயின் 48 வரிசைகளை அட்டையிலே கீறவேண்டும். நம்மூர்ச் சிற்பியும் தாலக்கணக்குப் பார்த்தே பெரிய சிலையையும் சிறிய சிலையையும் வடிக்கின்றான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பி அளப்பது எங்குமில்லாத ஒரு நிறைவான உடலை. மாதிரியுரு செய்பவன் அளப்பது, மழையில் நனைந்து வெயிலிற் காய்ந்து நிற்கும் ஒரு குறித்த கட்டிடத்தின் ஒரு குறித்த சன்னலை.

இக்கலைக்கு இலக்கணம் வகுத்தோர் கலைஞர்களல்லர், வணிகர்கள். ஜேர்மனியிலே கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859 இல் தகரத்தினாற் பாவைவீட்டுச் சமையற் சாமான்களைச் செய்யத் தொடங்கியவர்கள் மார்க்ளின் குடும்பத்தார். இவர்கள் 1891 இல் லைப்சிக் நகரத்துச் சந்தையில் எட்டு என்னும் எண்வடிவிற் பாதையமைத்து, அதன்மீது விசைவில்லால் ஓடும் வண்டியைக் காட்சிக்கு வைத்தனர். பொம்மைப் புகைவண்டிகள் அதற்கு முன்னரும் இருந்தன. மார்க்ளின் செய்த புதுமை, தண்டவாளங்களின் இடையகலங்களை வகைப்படுத்தி ஒவ்வொன்றையும் நிலையான அளவாக்கியதே. இவ்வாண்டு ஓர் எஞ்சின் வாங்கினால் அடுத்த ஆண்டு வாங்கும் பெட்டி அதனோடு பொருந்தும். அதற்கடுத்த பிறந்தநாளுக்கு ஒரு நிலையம் வாங்கலாம். தந்தையின் பணப்பையை ஆண்டுதோறும் திறக்கவைக்கும் உபாயமாகவே இதனைக் கொள்ளலாம். ஆயினும் அவ்வுபாயத்தினின்றே, வெவ்வேறு வீடுகளிற் செய்யப்பட்ட வண்டிகள் ஒரே பாதையில் ஓடலாமென்ற நிலை பிறந்தது.

லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹோர்ன்பியின் பெயரை நம்மவருள் முதியோர் சிலர் அறிவர். துளையிட்ட உலோகப் பட்டைகளைச் சுரையாணிகளாற் பூட்டி எதனையும் கட்டலாமென்ற விளையாட்டுக்கு 1901 இல் ஆக்கவுரிமை பெற்றவர் அவர். பின்னர் மெக்கானோ எனப் புகழ்பெற்றது அதுவே. 1920 இல் அவரது தொழிற்சாலை புகைவண்டிகளைச் செய்யத் தொடங்கியது. இதற்கிடையில் எச். ஜீ. வெல்ஸ் தம் மைந்தரோடு நிலத்தில் முழந்தாளிட்டு விளையாடிய விளையாட்டுகளை 1911 இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டுவிட்டார். உலகப் போர்களையும் செவ்வாய் மாந்தரையும் கற்பனை செய்த பேனா, மரக்கட்டைகளாலும் பொம்மைத் தண்டவாளத்தாலும் தரையில் நகரம் அமைக்கும் முறையையும் விளக்கியிருக்கின்றது. என் நண்பர்களுக்கு இதனை முன்னரே சொல்லியிருக்கலாம்.

நிலத்திலே கிடந்த பாதை மேசைக்கு ஏறியது 1922 இல். நூரன்பேர்க் நகரத்துப் பிங் நிறுவனத்தார் அவ்வாண்டு 16.5 மில்லிமீற்றர் இடையகலமுள்ள சிறிய பாதையொன்றை வெளியிட்டனர். அதற்கு முன் வழங்கிய 32 மில்லிமீற்றர்ப் பாதையின் ஏறக்குறையப் பாதி அது. இந்தப் பதினாறரை மில்லிமீற்றரே நூறாண்டுகளாகத் தீராத வழக்கொன்றுக்கும் மூலமாயிற்று.

வழக்கு இதுதான். இங்கிலாந்தின் உண்மைப் பாதையகலம் 4 அடி 8½ அங்குலம். ஓரடிக்கு 3½ மில்லிமீற்றர் என்று கொண்டால் 16.5 மிகச் சரியாகப் பொருந்தும். ஐரோப்பாக் கண்டத்தவரும் அமெரிக்கரும் அவ்வாறே கொண்டனர். அவர்களது விகிதம் 1:87. ஆனால் ஆங்கிலநாட்டுப் பாலங்களும் சுரங்கங்களும் ஒடுக்கமானவை. அவற்றினூடே செல்லும் எஞ்சின்களும் ஏனைய நாட்டவற்றினும் சிறியவை. அவற்றை 1:87 அளவிற் செய்தபோது அக்காலத்து மின்மோட்டார் உள்ளே அடங்க மறுத்தது. ஆங்கிலேயர் என்ன செய்தனர்? எஞ்சினின் உடலை ஓரடிக்கு 4 மில்லிமீற்றராகப் பெருப்பித்தனர். பாதையை மட்டும் 16.5 இலேயே விட்டுவிட்டனர். 1938 இல் வெளிவந்த ஹோர்ன்பி டப்ளோ வண்டிகள் இவ்வழியே சென்றன. கணக்குப் பார்த்தால் 16.5 ஐ 4 ஆற் பிரிக்க வருவது 4 அடி 1½ அங்குலம். ஏழு அங்குலம் களவு போயிற்று. பக்கத்திலிருந்து நோக்கும்போது ஒன்றும் தெரியாது. நேர் எதிரே நின்று நோக்கினால், பெரிய உடம்பைத் தாங்கிக் கால்களை ஒடுக்கி நிற்கும் மனிதரைப் போல எஞ்சின் தோன்றும்.

இவ்வேழங்குலத்தைப் பொறுக்கமாட்டாத சிலர் பாதையை 18 மில்லிமீற்றராக்கிக்கொண்டனர். 1960களில் வேறு சிலர் அதுவும் போதாதெனக் கூறி, சரியான கணக்கு 18.83 மில்லிமீற்றரே என நிறுவினர். கடையில் வாங்கிய எதுவும் இவர்களது பாதையில் ஓடாது. சில்லுகளைத் தாமே கடைந்து, தண்டவாளங்களைத் தாமே பற்றவைத்து, பாதை பிரியும் இடங்களை மாதக்கணக்கில் அரவித் தீட்டினர். இரண்டு மில்லிமீற்றர்ச் சொச்சத்துக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்பதற்காகப் பத்திரிகைகளில் மாதக்கணக்கிற் பொருத பண்டிதர்களை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. அந்த ஏழங்குலப் பொய் இல்லையேல் பல்லாயிரம் இல்லங்களுக்கு இப்பொழுதுபோக்கு எட்டியிராது என்பதனை நான் மறுக்கவில்லை. எனினும் எஞ்சினுக்கு எதிரே சென்று நின்று பார்க்கவேண்டும் என்று மற்றவர்களுக்குக் கற்பித்தவர்கள் இந்தப் பிடிவாதக்காரர்களே.

அளவினைச் சுருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவாற் சுருக்க முடியாது. இதனைக் கணித ஆசிரியர்கள் தம் மாணவருக்கு விளக்க விரும்பினால் ஜொனதன் சுவிப்டிடம் அனுப்பலாம். 1726 இல் வெளிவந்த அவரது கதையில் லில்லிபுட்டு மாந்தர் ஆறங்குலத்துக்கும் குறைந்த உயரமுடையோர்; கலிவரின் பன்னிரண்டில் ஒரு பங்கு. கலிவருக்கு நாள்தோறும் எவ்வளவு உணவு வேண்டும் என்று அரசனது கணித வல்லுநர் கணக்கிட்டபோது, பன்னிரண்டு பேரின் உணவு என்று அவர்கள் கூறவில்லை. 1728 பேரின் உணவு என்றனர். நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னிரண்டு மடங்காதலால் 12 ஐ மும்முறை பெருக்கிய தொகை அது. அதே கணக்கின்படி 1:76 மாதிரியின் நிறை உண்மையின் 4,38,976 இல் ஒரு பங்கு. 80 தொன் நிறையுள்ள எஞ்சின் மேசையிலே 180 கிராமுக்குச் சற்றே மேற்படும். அவ்வளவு இலேசான எஞ்சின் தண்டவாளத்தைப் பற்றமாட்டாது, சில்லுகள் வெறுமனே சுழலும். ஆகையால் அதன் வயிற்றினுள்ளே ஈயத்தை அடைத்து வைப்பர். மறுபுறத்தில், பெருவிலங்குகளின் எலும்பு உடலின் விகிதத்தினும் மிகத் தடித்திருக்க வேண்டுமென்று கலிலியோ 1638 இல் எழுதிக்காட்டிய உண்மை இங்கு தலைகீழாக உதவுகின்றது. சிறியது தன்னைத் தானே எளிதிற் தாங்கும். அட்டையாலும் தீக்குச்சியாலும் கட்டிய பாலம், உண்மைப் பாலம் அறியாத உறுதியுடன் நிற்கும்.

லில்லிபுட்டின் விகிதமே பாவைவீடு செய்வோரின் விகிதமுமாகும் என்பதனை இவ்விடத்திற் கூறாது செல்ல மனமில்லை. கட்டிடக் கலைஞர் லட்யன்ஸ் வகுத்த திட்டப்படி மேரி அரசிக்காக அமைக்கப்பட்டு 1924 இற் காட்சிக்கு வைக்கப்பட்ட பாவைவீடு 1:12 அளவினது. அதன் சிறு நூலகத்துக்காக கொனன் டொயில், கிப்ளிங், ஹார்டி முதலியோர் பெருவிரலளவு ஏடுகளிலே தம் எழுத்தை வழங்கினர். பேர்னாட் ஷா மறுத்துவிட்டார். அவர் மறுத்திராவிட்டாற்றான் நான் வியந்திருப்பேன்.

தூரமும் சுருங்க மறுக்கின்றது. ஒரு மைல் 1:76 அளவில் ஏறத்தாழ 69½ அடி. இரு நிலையங்களுக்கிடையே ஒரு மைல் விடவேண்டுமாயின் நம் வீட்டு விறாந்தை போதாது, அயலவரின் வேலியையும் தாண்டவேண்டும். பெட்டியோடு விற்கும் பொம்மைப் பாதையின் வளைவு ஏறக்குறைய 15 அங்குல ஆரையுடையது. உண்மையில் அது 95 அடி ஆரை. அத்தகைய வளைவில் எந்த விரைவு வண்டியும் திரும்பாது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டி மேசையில் ஒரு வினாடிக்கு 14 அங்குலமே நகரவேண்டும். சிறுவர் கையில் அது பாய்ந்தோடும் வேகத்தைக் கணக்கிட்டால் ஆகாயவிமானமும் நாணும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அட்டவணைப்படி வண்டி ஓட்டுவோர், ஒரு நாள் முழுவதையும் ஒரு மாலைப்பொழுதில் அடக்குவதற்காக விரைந்து சுழலும் கடிகாரமொன்றை வைத்துக்கொள்வர். நீர் எல்லாவற்றிலும் கொடியது. தட்டில் ஊற்றிய நீர் குளமாவதில்லை. தட்டில் ஊற்றிய நீராகவே காட்சியளிக்கும். அலையும் துளியும் தம் அளவை விட்டுக்கொடா. ஆதலால் அடியில் நிறந்தீட்டி, அதன்மேல் வார்னிஷை மெல்லிய படைகளாகப் பூசிப் பூசி நீர்நிலை செய்வர்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. என் வரையில் இக்கலையின் மிகச் சுவையான பகுதி அதுவே. மேசையருகே இரண்டடி தூரத்தில் நின்று மாதிரியைப் பார்ப்பவன், உண்மையில் 150 அடிக்கு அப்பால் நிற்கின்றான். அத்தூரத்திலிருந்து நோக்குங்கால் செங்கல் சிவப்பாயிருப்பதில்லை, வேப்பிலை பச்சையாயிருப்பதில்லை. இடையிலுள்ள காற்று எல்லா நிறத்தின்மீதும் சிறிது சாம்பலைத் தூவிவிடுகின்றது. உண்மை எஞ்சினுக்குப் பூசிய அதே நிறத்தை அதே தகரத்திலிருந்து எடுத்து மாதிரிக்குப் பூசினாலும் அது பொய்யாகவே தோன்றும். இதனை அறிந்த நாள்முதல், வீதியால் நடக்கும்போது தூரத்து மதில்களின் நிறத்தைப் பெயர் சொல்லி அழைக்க நான் அஞ்சுகின்றேன்.

பாதையைச் செய்வதில் முனைந்திருந்தோரை, பாதை கிடக்கும் நிலத்தின்பால் திருப்பியவர்களுள் ஜோன் அஹேர்ன் முதன்மையானவர். 1930களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய மடர் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை எந்தத் தேசப்படத்திலும் இல்லை. ஆனால் அதன் கரையிலே நின்ற கட்டிடங்கள் இங்கிலாந்தின் வெவ்வேறு ஊர்களில் உண்மையாக நின்றவை. அவரது எஞ்சின்கள் கடையிற் புதிதாய் வாங்கியவை போல மினுங்கவில்லை. புகையும் துருவும் படிந்து, உழைத்துக் களைத்தவையாய்த் தோன்றின. நிலக்காட்சியைச் சிற்றுருவில் அமைப்பது பற்றி 1951 இல் அவர் தனி நூலே எழுதினார். 1961 இல் அவர் மறைந்த பின்னர் அந்தப் பள்ளத்தாக்கு அழியாது பேணப்பட்டது. அதனை ஏற்றுப் பேணிய இடத்தைப் பற்றியே இக்கட்டுரையிற் பெரிதும் கூற விழைந்தேன்.

அவ்விடம், ஒக்ஸ்போர்ட்ஷயரில் லோங் விற்றன்ஹாம் என்னும் கிராமத்திலுள்ள பெண்டன் அருங்காட்சியகம். அதனை நிறுவியவர் ரோய் இங்கிலண்ட். பெயர் அவ்வாறாயினும் அவர் பிறந்தது அவுஸ்திரேலியாவில். 1925 இல் இளைஞராய் இங்கிலாந்துக்கு வந்த அவரைக் கவர்ந்தவை இரண்டு: ஒன்று, கிரேட் வெஸ்டேர்ன் என்னும் புகையிரதக் கும்பனியின் வண்டிகள், மற்றொன்று, அப்பாதை ஊடறுத்துச் செல்லும் வெண்குதிரைப் பள்ளத்தாக்கு. குன்றின் சரிவிலே புல்லை அகழ்ந்து சுண்ணத்தை நிரப்பி, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ வரைந்த பெருங்குதிரை ஒன்றினாற் பெயர்பெற்றது அப்பள்ளத்தாக்கு. அதன் கிராமங்களில் வைக்கோல் வேய்ந்த கூரைகளும், சுண்ணக்கல்லும் செங்கல்லும் கலந்த சுவர்களும், வாயிற்புறத்துப் பூந்தோட்டங்களுமாகக் குடிசைகள் நின்றன.

நின்றன என்பதிலும் பார்க்க, மறைந்துகொண்டிருந்தன என்பதே பொருத்தம். இரு போர்களுக்கும் இடைப்பட்ட அக்காலத்திலே வீதிகள் அகன்றன. வைக்கோல் வேய்வோர் அருகினர். குடிசைகள் இடிக்கப்பட்டன, இடிக்கப்படாதவற்றின் கூரைகளிலே கல்நார்த் தகடுகள் ஏறின. அந்நாட்டிற் பிறந்து வளர்ந்தோருக்கு இது நாளாந்த நிகழ்ச்சி. கடல் கடந்து வந்த அவுஸ்திரேலியருக்கோ இது பேரிழப்பாகத் தோன்றியது. அவரிடம் குடிசைகளை வாங்கிக் காக்கப் பணம் இல்லை; சட்டம் செய்விக்கச் செல்வாக்கும் இல்லை. இருந்தவை ஓர் அளவுநாடாவும், குறிப்புப் புத்தகமும், சலியாத பொறுமையுமே. ஊரூராகச் சென்று குடிசைகளை அளந்தார், படமெடுத்தார், கல்லின் நிறத்தையும் கூரையின் விளிம்பையும் குறித்துக்கொண்டார். 1930களில் அவற்றை 1:76 அளவில் அட்டையாற் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே நீர்வர்ணத்தாற் தீட்டினார். எல்லாக் கல்லும் ஒரே நிறமாயிருக்கும் சுவர் உலகில் இல்லையல்லவா?

1954 இல் பெண்டன் அருங்காட்சியகம் தொடங்கியது. பணம் வாங்காது உழைத்த தொண்டர்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தனர். கை வில்லியம்ஸ் என்பவர் உலோகத் தகட்டினின்றும் எஞ்சின்களை உருவாக்கித் தந்தார். பாதை, அந்தப் பிடிவாதக்காரர்களின் 18 மில்லிமீற்றர்ப் பாதை. முதலில் அமைந்தது டாட்மூர் மேட்டுநிலக் காட்சி. அதன் நடுவே பொறியியலாளர் புரூனெல் மரத்தாற் கட்டிய பெரும்பாலங்களுள் ஒன்றின் மாதிரியுரு எழுந்து நிற்கின்றது. உண்மையில் அத்தகைய மரப்பாலம் ஒன்றேனும் இன்று எஞ்சியிருக்கவில்லை. சில இடங்களிற் கற்றூண்களின் அடிப்பகுதிகள் மட்டும் செடிகொடிகளினூடே நிற்கின்றன. பின்னர் பள்ளத்தாக்குக் காட்சி தொடங்கியது. அதன் கிராமத்துக்குப் பெண்டன் பார்வா என்று பெயர். சிறு பெண்டன் என்பது பொருள். அப்படியொரு ஊர் இல்லை. ஆனால் அங்குள்ள வீடுகள் பல்வேறு ஊர்களினின்றும் அளந்தெடுத்த உண்மையான வீடுகள். ஊர் கற்பனை, வீடு உண்மை. நல்ல நாவலாசிரியன் செய்வதும் இதுவன்றோ?

ஒரு வீட்டை முடிக்க ஒருவருக்கு ஆண்டுக்கணக்கிற் செல்லும். வண்டி ஓடுவதைக் காணவரும் சிறுவர் ஒரு பக்கம் நிற்க, தோட்டத்தில் முட்டைக்கோவா நட்டிருக்கும் பாத்தியைக் குனிந்து பார்க்கும் முதியோர் ஒரு பக்கம் நிற்பர். ரோய் இங்கிலண்ட் 1995 இற் காலமானார். பள்ளத்தாக்கு அப்போது முற்றுப்பெற்றிருக்கவில்லை. அவர் அளந்த குடிசைகள் சிலவற்றுக்கு இன்று அந்த அட்டையுருவைத் தவிர வேறுரு இல்லை.

புதிய காலத்து அதிசயமாக ஹம்பேர்க் நகரத்துப் பண்டகசாலைப் பகுதியில் இரட்டையரான இரு சகோதரர் 2001 இல் திறந்த சிற்றுலகைப் பலர் புகழ்வர். 1:87 அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள். விமானங்கள் எழுந்து இறங்கும் நிலையம் வேறு. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே எண்ணிக்கை வியக்க வைக்கின்றது. பெண்டனில் ஒரேயொரு கதவு வியக்க வைக்கின்றது. நான் கதவின் பக்கம்.

இப்பொழுதுபோக்கு ஆங்கிலத் திருச்சபைக் குருமாரை ஏனோ பெரிதும் ஈர்த்திருக்கின்றது. தோமஸ் என்னும் எஞ்சினைச் சிறுவர் இலக்கியத்துக்குத் தந்த ஓட்ரியும் குருவானவரே. அவரும் மாதிரிப் பாதை வைத்திருந்தார். பீற்றர் டெனி என்னும் குருவானவரோ 1907 ஆம் ஆண்டின் பக்கிங்ஹாம் எனத் தாம் கற்பித்த ஓர் ஊரின் வண்டிகளைப் பல்லாண்டுகள் அட்டவணை தவறாது நடத்தினார். தூரத்து நிலையமொன்றை இயக்கிவந்த மகனுக்குப் பதிலாக வேலைசெய்ய அவர் ஒரு பொறியை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘தானியங்கும் கிறிஸ்பின்’. மகனின் பெயர் கிறிஸ்பின் என்பதனைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, என் மேசைக்கு வருகின்றேன். நமது நாட்டின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். ஓரடிக்கு 4 மில்லிமீற்றராகக் கொண்டால் அது மிகத் திருத்தமாக 22 மில்லிமீற்றர். இங்கே ஏழங்குல வழக்கிற்கு இடமே இல்லை. ஏனெனிற் கடையில் வாங்கும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதை நமக்கு எவ்வகையிலும் பொருந்தாது. மரக்குச்சிகளைச் சிலிப்பர் கட்டைகளாக நறுக்கி, அவற்றின்மீது 22 மில்லிமீற்றர் விட்டுத் தண்டவாளத்தை நாமே பதிக்கவேண்டும்.

1905 இற் காங்கேசன்துறைவரை முழுமைபெற்ற வடபகுதிப் பாதையிலே 1956 முதல் யாழ்தேவி ஓடியது. 1990 இற் போரினால் அது நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்கள் பல சிதைந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் என் வகுப்பிலிருந்த மாணவர் பலருக்குப் புகையிரதம் என்பது பாடப்புத்தகத்துப் படம். இன்று புதிய நிலையங்கள் நிற்கின்றன, அவை வேண்டியவையே. பழையவற்றுட் பலவோ, அவற்றின் மேடையில் நின்று வழியனுப்பியோரின் நினைவிலும், அவர்கள் வைத்திருக்கும் படங்களிலுமே நிற்கின்றன.

அத்தகைய சிறு நிலையமொன்றைச் செய்ய முயன்றுகொண்டிருக்கின்றேன். நிலையமில்லாதபோது எதனை அளப்பது? இங்கே பாதையே கைகொடுக்கின்றது. பாதையின் நடுவே நின்று நீளவாக்கில் எடுத்த பழைய படமொன்று என்னிடம் உண்டு. கட்டிடத்தின் மூலைக்கு நேரே கிடக்கும் சிலிப்பர் கட்டையைத் தேடிப்பிடித்து, அவ்விடத்தில் இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் படத்தில் அளந்தேன். 11 மில்லிமீற்றர். உண்மையில் அது 5 அடி 6 அங்குலம் என்பது எவராலும் மாற்றமுடியாத செய்தி. ஆகவே படத்தின் அவ்விடத்தில் ஓரடிக்கு 2 மில்லிமீற்றர். மூலையிலுள்ள தூண் 24 மில்லிமீற்றர். எனவே தூணின் உயரம் 12 அடி. இவ்வாறு ஒரு தூணினின்று கூரைக்கும், கூரையினின்று ஓட்டு வரிசைக்கும் செல்லலாம். உள்ளே செல்லச் செல்லத் தண்டவாளங்கள் நெருங்கும்; ஒவ்வொரு தூரத்துக்கும் புதிதாய் ஒரு கணக்கு.

நினைவுடையோரிடமும் கேட்டுப் பார்த்தேன். நீர்த்தாங்கி வடக்கே நின்றதென்பார் ஒருவர். தெற்கே என்பார் அவருடைய தம்பி. கதவு பச்சை, கதவு கபிலம், கதவே இல்லை என மூன்று கட்சிகள் உள. அக்காமார் இருவர் நுழைவுச்சீட்டுச் சன்னலின் கம்பிகளை எண்ணிச் சொன்னார்கள். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னது எனக்குக் கிடைத்த பெரும்பேறு.

மேடைப்புறத்துச் சுவரில் மூன்றாவது சன்னல் ஒன்று இருந்ததா என்பதே இப்போது தீராதிருக்கின்றது. கிடைத்த படங்களிலெல்லாம் அவ்விடத்தை மறைத்துக்கொண்டு யாரோ நிற்கின்றனர். ஒன்றில் மாலையணிந்த மாற்றலாகிச் செல்லும் ஆசிரியர். ஒன்றிற் குடும்பமாய்ப் பதினொருவர். சுவரின் அப்பகுதியைக் கீறாமல் வெறும் அட்டையாகவே விட்டுவைத்திருக்கின்றேன். இப்பக்கத்தைப் படிப்போரிடம் 1990 க்கு முன் வடபகுதி நிலையங்களில் எடுத்த படங்கள் இருந்தால், சட்டமிடுவதற்காக அவற்றின் ஓரங்களை வெட்டிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கின்றேன். முகங்கள் அவர்களுக்குரியவை. தோள்களுக்கு மேலே தெரியும் நாலு வரிசை ஓடுகளையும் அரைச் சன்னலையும் எண்ணிக்கொள்ள விட்டால் எனக்குப் போதும்.